மாரீஸ்வரி மாற்றாத அட்டை

அருப்புக்கோட்டைப் பக்கத்து வெயிலைத் தெரியாதவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, அதனால் முதலில் வெயிலைச் சொல்லிவிட வேண்டும். அங்கே கருவேல மரத்துக்கே நிழல் போதாது, இருக்கிற நிழலில் ஆடு படுத்துவிடும், ஆடு எழுந்து போனால் அந்த இடத்துக்கு ரெண்டு பேர் சண்டை போடுவார்கள். குளிர் என்று ஒன்று வருவதெல்லாம், மார்கழியும் தையும் மாசியும் விடிகாலையில் எட்டிப் பார்த்துவிட்டு, பல் விளக்கி முடிப்பதற்குள் ஓடிவிடுகிற குளிர்தான். அப்பேர்ப்பட்ட சீமையில், ரோட்டோரம் மஞ்சள் சுவரும் ஒற்றை வேப்பமரமுமாக நிற்கிற கைவிளக்கு மாற்றுத்திறனாளிகள் தொழிற்பயிற்சி மையத்துக்கு ஒரு வருஷம் வந்த குளிர், வந்தது வந்ததுதான், போகவே இல்லை. அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் பெயர் மாரீஸ்வரி.

மாரீஸ்வரிக்கு அப்போது இருபத்தேழு வயது. பிறக்கிற நேரத்தில் மூச்சு கொஞ்சம் தாமதித்து வந்த பிள்ளை. அதனால் இடது கால் இழுக்கும், கை நடுங்கும், நாக்கு குழறும், ஒரு வாக்கியத்தை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவசரக்காரர்கள் அதை அவளுக்காக முடித்துக் கொடுத்துவிட்டு, அதுவும் தப்பாக முடித்துக் கொடுத்துவிட்டு, நகர்ந்து போய்விடுவார்கள். மையத்தில் அவள் மெழுகுவர்த்திப் பிரிவு. ஆறிய மெழுகுவர்த்தியை அச்சிலிருந்து எடுத்துத் துடைத்து உறையில் போடுவாள். அதற்கு மேல் அவளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு, காலப் பலகை.

காலப் பலகை என்பது நீலத் துணி ஒட்டிய ஒரு பலகை, அதில் மூன்று பைகள் தைத்திருக்கும். ஒன்றில் கிழமை, ஒன்றில் மாதம், மூன்றாவதில் வெயில், மழை, காற்று, குளிர் என்ற நான்கு அட்டைகளில் அன்றைக்கு எதுவோ அது. காலையில் பிரார்த்தனை முடிந்ததும் மிதியடி பின்னுகிறவர்கள், காகித உறை ஒட்டுகிறவர்கள், வற்றல் பிழிகிறவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள், அதைத் தள்ளுகிறவர்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடி நிற்க, மாரீஸ்வரி அட்டைகளை மாற்றிச் சொருகிவிட்டுச் செய்தி வாசிப்பாள். "இன்னைக்குத் திங்கக்கிழமை. மார்கழி மாசம். குளிரா இருக்கு." பிறகு அன்றைக்கு எந்தப் பிரிவில் என்ன வேலை என்பது. கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திக்குச் சிவப்புச் சாயம் வந்திருக்கிறது, பொங்கல் பானைக்குப் பூ வரைய வேண்டும், யாரோ பெரிய மனிதர் பிரியாணிப் பொட்டலத்தோடு போட்டோ எடுக்க வருகிறார், எல்லோரும் தலை சீவி இருக்கவும். அதுவும் முடிந்த பிறகு சொந்தச் செய்தி. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் ஆடு குட்டி போட்டது, எனக்குப் பல் விழுந்தது, எதுவானாலும் கைதட்டு உண்டு.

சூசையப்பு தினமும் ஒரே செய்திதான் சொல்வார். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், குழந்தை மனசு, காகித உறைப் பிரிவில் பசை தடவுகிறவர். "எங்க தம்பி வருவான்" என்பார். கூட்டம் அதை இப்போதுதான் முதல்முறை கேட்கிற மாதிரி கைதட்டும். கடைசியாக மாரீஸ்வரி தன் செய்தியைச் சொல்லிப் பலகையை முடிப்பாள்.

குளிர் அட்டைக்கு ஒரு கதை உண்டு. கடையில் வாங்கிய பழைய அட்டையில் கூரையெல்லாம் வெள்ளையாக மூடிய ஒரு வீடு இருந்தது. அது பனிக்கட்டி என்று ராஜாத்தி டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சூசையப்பு உற்றுப் பார்த்துவிட்டு, "பருத்தி டீச்சர், நல்ல விளைச்சல்" என்றார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் தையல் பிரிவில் இருந்த பவுன்ராஜ் ஒரு புது அட்டை வரைந்தான். தலையில் துண்டைக் கட்டி, ரெண்டு கையையும் குறுக்கே கொடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, தோளைக் குறுக்கி நிற்கிற ஒரு ஆள். அதைக் காட்டியதும் மொத்தக் கூட்டமும் "குளிரு" என்று கத்தியது.

பவுன்ராஜுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஊர் முழுக்க மாரீஸ்வரி குழறுவதைக் கேட்டிருக்கிறது, அவன் ஒருத்தன்தான் கேட்டதில்லை. அவளிடம் அவனுக்குத் தெரிந்த பேச்சு கைப் பேச்சு. அவனிடம் பேசுவதற்காகவே ராஜாத்தி டீச்சரைப் பிடித்து அவள் சைகை மொழி கற்றுக்கொண்டாள். நடுங்குகிற கையால் ஒரு சொல்லைப் போட்டு முடிக்க அவளுக்கு நேரம் ஆகும், கை ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் போகும், அவன் அவசரப்படாமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் வாக்கியத்தை அவளே முடிக்கிற வரைக்கும் நிற்பான். வேறு யாரும் அவளுக்காக அப்படி நின்றது கிடையாது. வேறென்ன வேண்டும், அவளுக்கு அவன்மேல் உயிராகிவிட்டது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் பவுன்ராஜுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. மாலை போட்டு, கேசரி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். கிளம்புகிறபோது கேட்டருகில் வைத்து அவன் அவளுக்குக் கையால் சொன்னான்: குளிர் முடியறதுக்குள்ள வந்துருவேன், வந்து உங்க அண்ணன்கிட்டப் பேசுறேன். குளிருக்கு, தான் வரைந்த படத்தைப் போலவே கையைக் கக்கத்தில் செருகித் தோளைக் குறுக்கிக் காட்டினான். பிறகு பஸ் வந்தது, போய்விட்டான்.

அன்றிலிருந்து அவள் சொந்தச் செய்தி நேரத்தில், "வேற செய்தி இல்லை" என்று சொல்லிப் பலகையை முடித்தாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் முடித்தாள். பெண்கள் விடுதியில் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபீஸில் இருக்கிற தொலைபேசியோ, காது கேட்காதவனோடு பேச உதவாது. ராஜாத்தி டீச்சர் தன் கைபேசியில் வீடியோ போட்டுப் பார்த்தார், அவன் பழைய நம்பர் அணைந்து கிடந்தது. இயக்குநர் ரெஜினா மேடத்துக்கு இவர்கள் ரெண்டு பேர் பழக்கமே பிடிக்கவில்லை. "தொழில் கத்துக்க வந்தீங்களா, ஜோடி சேர வந்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டும்விட்டார். மாரீஸ்வரி, ரெண்டுக்கும்தான் மேடம் என்று சொல்ல ஆரம்பித்தாள், அவள் சொல்லி முடிப்பதற்குள் மேடம் போய்விட்டார்.

மார்கழி போயிற்று. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், அந்த ரெண்டு பனியும் துளைக்க வேண்டியதைத் துளைத்துவிட்டுப் போயின. பவுன்ராஜ் வரவில்லை. பங்குனி பிறந்தது.

இந்த இடத்தில் மையத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறைக்குத் தேதி சொன்னால் அங்கே பாதிப் பேருக்குப் பிடிபடாது. அதனால் பனி முடிந்து முதல் வெயில் அட்டை ஏறினால் மறுநாள் லீவு என்று ஆதியிலிருந்தே வைத்திருந்தார்கள். லீவு விட்டால் சூசையப்புவின் தம்பி தூத்துக்குடியிலிருந்து வந்து அவரைக் கூட்டிப் போவார். மாரீஸ்வரிக்கு அந்த வருஷத்தோடு பயிற்சி முடிகிறது. அவளை அழகர் அண்ணன் வந்து ஒரேயடியாகக் கூட்டிப் போய்விடுவார், பஸ் போகாத ஊருக்கு, கொல்லைப்புறத்தில் ஒற்றை ஜன்னல் வைத்த அறைக்கு. அதற்கப்புறம் பவுன்ராஜ் வந்தாலும் பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பங்குனி முதல் நாள் காலை, வெயில் சுவரேறிக் குதித்து வந்துவிட்டது. ராஜாத்தி டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அட்டையை மாத்து தாயி" என்றார். மாரீஸ்வரி கிழமையை மாற்றினாள், மாதத்தை மாற்றினாள், மூன்றாவது பைக்குக் கொண்டுபோன கையை இறக்கிக்கொண்டாள். "இன்னைக்குப் புதன்கிழமை. பங்குனி மாசம். குளிரா இருக்கு" என்று வாசித்தாள். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. வேப்பமரத்தின் உச்சியிலிருந்து பனி இறங்கி, காம்பவுண்டுச் சுவர் வரை பரவி, கேட்டோடு நின்றுகொண்டது. ராஜாத்தி டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சரி, வேலையைப் பாருங்க என்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் நடப்பு. கேட்டுக்கு வெளியே தார் உருகியது, உள்ளே பல் கிட்டியது. வாட்ச்மேன் காளிமுத்துவின் நாற்காலி சரியாக எல்லையில் கிடந்ததால் அவருக்கு வலது பக்கம் வேர்க்குரு, இடது பக்கம் சளி. அவர் நாற்காலியை நகர்த்தச் சம்மதிக்கவில்லை, பத்து வருஷமாக அந்த இடம் அது. ஊரும் ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தால் வேலை யார் பார்ப்பது? பூக்காரிகள் மல்லிகைக் கூடையைச் சுவரோரம் உள்ளே இறக்கி வைத்தார்கள், சாயங்காலம் வரை மொட்டு மொட்டாக இருந்தது. பிள்ளை பெற்றவர்கள் வேனல்கட்டி வந்த கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து மதியம் மட்டும் மரத்தடியில் தூங்கப் போட்டார்கள். வேலையில்லாத பெரியவர்கள் சுவரின் வெளிப்பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள், முதுகு குளிர்ந்ததும் எழுந்துபோய் அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். ஒரு மீன்காரர் பெட்டியோடு வந்தார், அவரை மட்டும் ரெஜினா மேடம் விரட்டிவிட்டார்.

மின்சார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, திருட்டுக் கரண்டில் பெரிய ஏசி ஓட்டுகிறார்களா என்று கொல்லை வரை தேடினார். பனியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. போகும்போது தன் மாமியாருக்கு என்று ஒரு கம்பளிக் குல்லா வாங்கிப் போனார். வெப்பமானியோடு வந்த கல்லூரி வாத்தியார் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி நடந்து தலைவலி வந்து படுத்துவிட்டார். பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தவர்கள் வழியில் உள்ளே வந்து கொஞ்ச நேரம் நின்று காலை ஆற்றிக்கொண்டு போனார்கள், அம்மன் கோபிக்கவில்லை. மிதியடிப் பிரிவு மிதியடியை விட்டுவிட்டுக் குல்லா பின்ன ஆரம்பித்தது. வாய் கட்டுப்படாமல் எப்போதும் பாடிக்கொண்டே இருக்கும் வீரலட்சுமி அந்தப் பங்குனியில் மார்கழிப் பஜனையைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ரெஜினா மேடத்துக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஆனால் இப்போது மையத்துக்கு ஊரே வருகிறது, வந்தவர்கள் குல்லாவும் மெழுகுவர்த்தியும் வாங்குகிறார்கள், மாற்றுத்திறனாளி என்றால் டிசம்பரில் மட்டும் நினைவு வருகிறவர்கள் சித்திரையில் வந்து பேர் கேட்டுப் பழகுகிறார்கள். காலப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுச் சாவியை மாரீஸ்வரியிடமே கொடுத்தார். "நீ பாத்து... எப்ப மாத்தணுமோ அப்ப மாத்திக்க. அவசரமே இல்லை" என்றார். ஜோடி சேர வந்தீங்களா என்று கேட்ட அதே வாய்தான்.

மாரீஸ்வரிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. குளிர் இருக்கிற வரை கேட் திறந்திருக்கும், கேட் திறந்திருக்கிற வரை அவன் வரலாம். வேலை முடிந்த நேரமெல்லாம் காளிமுத்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, ரோட்டில் கானல் நெளிவதையும் அதற்குள்ளிருந்து பஸ் முளைத்து வருவதையும் பார்த்தாள். ஒவ்வொரு பஸ்ஸும் நின்றது, யார் யாரையோ இறக்கியது, போனது. அவளுக்கு நெஞ்சு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒருமுறை எழுந்து நின்று, ஒருமுறை உட்கார்ந்தது. ஒரு போட்டோக்காரர் வேறு, ஊட்டிக்குப் போகிற செலவு மிச்சம் என்று புதுக் கல்யாண ஜோடிகளைக் கூட்டிவந்து பனியில் நிறுத்திப் படம் எடுத்தார். மாப்பிள்ளை பெண்ணின் தோளில் சால்வை போடுவான், பெண் வெட்கப்படுவாள், சரியில்லை, இன்னொரு தடவை என்பார் போட்டோக்காரர். மாரீஸ்வரியால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. யார் யாருக்கோ பயன்படுகிறதே நம் குளிர் என்று அழுகையாக வந்தது.

குளிருக்கு விலை இல்லாமலும் இல்லை. பிழிந்த வற்றல் காயாமல் பூஞ்சை பிடித்தது. மெழுகு அச்சிலேயே வெடித்தது. வேப்பமரம் பூக்க மறந்து நின்றது. மாரீஸ்வரியின் இழுக்கிற கால் குளிரில் இன்னும் விறைத்துப்போய், காலையில் எழுந்து அதை மடக்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் இருந்தது சூசையப்புதான்.

சூசையப்பு பங்குனி பிறந்ததுமே பையைக் கட்டிவிட்டார். ஒரு சட்டை, சோப்புப் பெட்டி, தம்பி பெண்டாட்டிக்குக் கொடுக்க வெடிக்காத மெழுகுவர்த்தி ரெண்டு. காலையில் செய்தி வாசிப்புக்குப் பையோடுதான் வருவார். "குளிரா இருக்கு" என்று மாரீஸ்வரி வாசித்ததும் பையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார். பிறகும் தவறாமல் சொல்வார், "எங்க தம்பி வருவான்." கூட்டம் கைதட்டும்.

அட்டையைப் பற்றி அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. எல்லோரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரி, அட்டையை மாத்து. வெயில் வந்தா எங்க தம்பி வருவான்."

"நாளைக்கு மாத்துறேன் சூசைண்ணே."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

அவருக்கு நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். மறுநாளும் வந்து கேட்டார், அவளும் மறுநாளும் நாளைக்கு என்றாள். பங்குனி போய்ச் சித்திரை வந்தது. தூத்துக்குடியிலிருந்து தம்பி ஆபீஸுக்குப் போன் பண்ணி, லீவு எப்ப மேடம் என்று கேட்டார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மேடம், இன்னும் சீசன் முடியலப்பா என்று வைத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் சூசையப்பு பை இல்லாமல் வந்தார். மாரீஸ்வரி செய்தி வாசித்தாள். சொந்தச் செய்தி நேரம் வந்தது. எல்லோரும் கைதட்டத் தயாராக அவரைப் பார்த்தார்கள். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். தட்டத் தூக்கிய கைகள் அப்படியே இறங்கின. வீரலட்சுமிகூடப் பாடவில்லை.

மத்தியானம் அவர் அந்தப் பையைக் கொண்டுவந்து மாரீஸ்வரியின் மடியில் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"நீ வச்சுக்க. உனக்குத்தான் ஆள் வரும். எனக்கு வெயில் வராது."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் அதை நியாயமாக யோசித்து முடிவுக்கு வந்தவரைப் போலச் சொல்லிவிட்டு, பசை தடவப் போய்விட்டார். அவள் பையைத் திறந்து பார்த்தாள். மெழுகுவர்த்தி ரெண்டும் குளிரில் வெடித்திருந்தன. அவற்றை அவர் சட்டையின் கையில் பொதிந்து வைத்திருந்தார். தான் ஒருத்தனுக்காகக் காத்திருக்கிற காத்திருப்புக்குள் இன்னொரு மனுஷனின் காத்திருப்பைப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் கேட்டில் போய் நின்று, வந்த பஸ்களையெல்லாம் பார்த்தாள். கடைசி பஸ்ஸும் நின்று, ஒரு கோழிக் கூடையை இறக்கிவிட்டுப் போனது.

மறுநாள் காலை எல்லோரும் கூடி நிற்க, அவள் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். கிழமையை மாற்றினாள். மூன்றாவது பைக்குள் கையை விட்டபோது கை ரொம்ப நடுங்கியது, குளிர் அட்டை வெளியே வர மாட்டேன் என்று மக்கர் பண்ணியது. யாரும் உதவிக்குப் போகவில்லை, அவளே எடுக்கட்டும் என்று நின்றார்கள். எடுத்தாள். வெயில் அட்டையைச் சொருகினாள்.

"இன்னைக்குப் புதன்கிழமை. சித்திரை மாசம்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வெயில் அடிக்குது."

கேட்டுக்கு வெளியே இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்த வெயில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தது. பனி சுவரேறிக் கலைந்தது. வேப்பமரம் மறந்திருந்த பூவையெல்லாம் ஒரே மூச்சில் பூத்துத் தலையெல்லாம் உதிர்த்தது. பூக்காரிகள் ஐயோ என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தூங்கிய குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுதன, போட்டோக்காரர் வாங்கிய முன்பணத்தை நினைத்துத் தலையில் கை வைத்தார், காளிமுத்துவுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுபோல வேர்த்தது. ரெஜினா மேடம் ஆபீஸிலிருந்து ஸ்வெட்டரோடு வெளியே வந்து, மாரீஸ்வரியை முறைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, புழுக்கம் தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றினார். "சரி, நாளைக்கு லீவு. யாராச்சும் மோர் கரைங்க" என்றார்.

சூசையப்பு கை தூக்கினார். "எங்க தம்பி வருவான்." அன்றைக்கு விழுந்த கைதட்டு ரோடு வரைக்கும் கேட்டது.

மாரீஸ்வரி, "வேற செய்தி இல்லை" என்றாள். குளிர் அட்டையை மட்டும் பையில் திருப்பி வைக்க மனசு வராமல் தன் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே தூத்துக்குடித் தம்பி வந்துவிட்டார். மூட்டை தூக்கிப் பழகிய தோள், வந்த வேகத்தில் அண்ணனை அப்படியே அணைத்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சூசையப்பு போகும்போது திரும்பித் திரும்பி, "வெயில் வந்துருச்சு மாரி, வெயில் வந்துருச்சு" என்று கையாட்டிக்கொண்டே போனார். ஒவ்வொருவராகப் போனார்கள். மிச்சம் இருந்தது மாரீஸ்வரி. அழகர் அண்ணன் லோடு ஆட்டோவோடு வந்து, தங்கையின் பெட்டியைப் பின்னால் ஏற்றி, அவள் உட்கார ஒரு மெத்தையையும் விரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அவளுக்காக அந்த அறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"வாத்தா, போவோம். வெயில் ஏறுது."

"ஒரு பஸ் பாத்துட்டு வாரேண்ணே."

"யாரு வாராங்க?"

அவள் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்தது. ஒரு கிழவரும் ஒரு பித்தளைக் குடமும் இறங்கினார்கள். "இன்னும் ஒரு பஸ்" என்றாள். அது நிற்காமலே போனது. அண்ணன் எரிச்சலை அடக்கிக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினார். என்ஜின் கடகடவென்று ஆடியது. மாரீஸ்வரி ஒரு கையால் ஆட்டோவின் கம்பியைப் பிடித்து, நல்ல காலை மேலே வைத்து, இழுக்கிற காலைத் தூக்கப் போனாள். அப்போது கானலுக்குள்ளிருந்து இன்னொரு பஸ் வந்தது. அந்தச் சித்திரை வெயிலில் அதன் ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தன.

பஸ் நின்றது. முதலில் கண்டக்டர் இறங்கினார், காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டியிருந்தார். "இறங்குய்யா சீக்கிரம், உன்னைய ஏத்துனதுலேருந்து வண்டியே விறைச்சுப் போச்சு" என்றார். அவர் பின்னால் ஒருவன் இறங்கினான். தலையில் துண்டு, ரெண்டு கையும் குறுக்கே கக்கத்தில் செருகியபடி, தோளைக் குறுக்கிக்கொண்டு, அட்டையில் வரைந்த ஆள் அட்டையைவிட்டு எழுந்து வந்தது போல நின்றான். பவுன்ராஜ்தான். வாயிலிருந்து லேசாகப் புகை வந்தது.

மாரீஸ்வரி ஆட்டோக் கம்பியை விட்டாள். பேசத்தான் அவளுக்கு எவ்வளவோ இருந்தது. கை நடுங்கி நடுங்கி ஒரே ஒரு கேள்வியைப் போட்டு முடித்தது: ஏன் இவ்வளவு நாள்?

அவன் அவள் முடிக்கும்வரை நின்றான். பிறகு கையைக் கக்கத்திலிருந்து எடுத்து வேகவேகமாகச் சொன்னான்: குளிர் முடியறதுக்குள்ள வாரேன்னு சொன்னேன்ல? அங்க எனக்குக் குளிர் முடியவே இல்லை. எல்லாருக்கும் வேர்க்குது, எனக்கு மட்டும் பல்லு கிட்டுது. நான் உக்கார்ற பெஞ்சு குளிருது. இஸ்திரி போடுறவங்க எனக்குப் பக்கத்துல இடம் பிடிக்கச் சண்டை போட்டாங்க, சூப்பர்வைசர் என்னைய எங்கயும் விடலை. சரி, குளிர்தான் இருக்கே, இன்னும் நேரம் இருக்குன்னு இருந்துட்டேன். நேத்துக் காலையில திடீர்னு வேர்த்துச்சு. பயந்துட்டேன். எவன்கிட்டயும் சொல்லாம ஓடி வந்துட்டேன்.

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வரட்டும் என்று அவள் பிடித்து வைத்த குளிர் அவனை வரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பங்குனி முதல் நாளே அந்த அட்டையை மாற்றியிருந்தால் இவன் பங்குனியிலேயே ஓடி வந்திருப்பான். சூசையண்ணனின் மெழுகுவர்த்தி வெடித்திருக்காது. இத்தனை பஸ்ஸைப் பார்த்திருக்க வேண்டாம். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, ரெண்டுமே குழறியது, அதை அவன் கேட்கவில்லை.

அவன் ரெண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, உள்ளங்கை மட்டும் இன்னும் சில்லென்று இருந்தது. பஸ்ஸையே விறைக்க வைத்த கடைசிக் குளிரை அங்கேதான் பொத்திக் கொண்டுவந்திருந்தான். முடியலை, பாரு என்று கண்ணால் சொன்னான். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்கியது, அவன் கையும் சேர்ந்து நடுங்கியது.

"யாருத்தா இது?" என்றார் அண்ணன், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே.

மாரீஸ்வரி கையை விடாமல் நிமிர்ந்து நின்றாள். வேப்பமரத்தடியில் நின்று வாசிப்பாளே, அதே நிமிர்வு. காளிமுத்து நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். ராஜாத்தி டீச்சர் வாசலுக்கு வந்தார். ரெஜினா மேடம் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தார். அன்றைக்கு அவள் வாக்கியத்தை அவளுக்காக முடித்துக் கொடுக்க யாரும் அவசரப்படவில்லை.

"இன்னைக்கு வியாழக்கிழமை" என்றாள். "சித்திரை மாசம். வெயில் அடிக்குது." மூச்சு வாங்கினாள். "செய்தி இருக்கு."

அழகர் அண்ணன் கையை நீட்டி ஆட்டோவை அணைத்தார்.